வண்டி மேல் ஏரியல் வைத்த மார்க்கோனி



மன்னார்புரத்தில் மதுரை ரோட்டோரம் பத்து நிமிஷம் நின்று, போற வர வண்டிகளின் தலையை மட்டும் பாருங்கள். போலீஸ் வண்டி மேலே ஒரு நீளக் குச்சி. லோடு வண்டியின் கேபின் ஓரத்தில் ஒரு குச்சி. புதுக் கார் என்றால் கூரையில் சுறா மீன் துடுப்பு மாதிரி ஒன்று. எல்லாமே ஏரியல்தான். 1901-லேயே ஒரு வண்டியின் கூரையில் ஏரியல் மாட்டி ரோட்டில் ஓட்டிப் பார்த்த ஒருவரைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. பெயர் உங்களுக்குத் தெரிந்ததுதான், மார்க்கோனி.

ஆனா அவருக்கு முன்னாடி எங்க மாமா கதையைச் சொல்லணும்.

எங்க அம்மாவின் தம்பி ஒரு பிக்அப் வண்டி வைத்துக் காந்தி மார்க்கெட்டுக்குக் காய்கறி லோடு அடிக்கிறார். நான் ஆறாம் வகுப்பு படிக்கும்போது அந்த வண்டியில் ரேடியோ மாட்டினார். விடியற்காலையில் திருச்சி வானொலி கேட்கணும், அதுவும் மீடியம் வேவ் 936-ல் கேட்கணும் என்பது அவர் ஆசை. வண்டி நிற்கும்போது ஓரளவு கேட்டது. எஞ்சினை ஸ்டார்ட் பண்ணியதும் கொய்ங் என்று ஒரே இரைச்சல். ஆக்ஸிலேட்டரை மிதிக்க மிதிக்க இரைச்சலும் ஏறும். ரேடியோ மாட்டிய கடையில் கேட்டால், செட்டே சரியில்லை, வேற செட் வாங்குங்க என்று சொல்லிவிட்டார்கள். கடைசியில் வயசான ஒரு ஆட்டோ எலக்ட்ரீஷியன் பார்த்தார். செட்டை அவர் தொடவே இல்லை. ஏரியல் குச்சியைக் கழற்றி, அது உட்காரும் இடத்தில் இருந்த பெயின்ட்டை உப்புத்தாளால் தேய் தேய் என்று தேய்த்தார். தகரம் பளபளன்னு தெரிந்ததும் குச்சியைத் திரும்ப இறுக்கி முடுக்கி, துருப்பிடிக்காமல் இருக்க சுற்றிலும் கிரீஸ் தடவினார். இரைச்சல் பெரும்பாலும் போயே போச்சு!

மாமாவுக்குச் சந்தோஷம். எனக்குச் சந்தேகம். அலையைப் பிடிப்பது மேலே இருக்கிற குச்சிதானே, கீழே பெயின்ட்டைச் சுரண்டினால் பாட்டு எப்படித் தெளிவாகும்? அந்தச் சந்தேகத்துக்கு விடை மார்க்கோனியின் வாழ்க்கையில் இருந்தது.

குலியெல்மோ மார்க்கோனி 1874 ஏப்ரல் 25-ஆம் நாள் இத்தாலியில் பொலோனா நகரில் பிறந்தார். அப்பா ஜியூசெப்பே நிலபுலன் உள்ளவர். அம்மா ஆனி ஜேம்சன் அயர்லாந்துக்காரர். மார்க்கோனி பள்ளிப் படிப்பில் ஒன்றும் பெரிய ஆள் இல்லை. பல்கலைக்கழகத்தில் இடமும் கிடைக்கவில்லை. (இதைப் படித்துவிட்டு யாரும் பரீட்சைக்குப் படிக்காமல் இருக்க வேண்டாம், ஆசிரியர்கள் என்னைத்தான் கேட்பார்கள்.) ரீகி என்ற பேராசிரியர் பக்கத்தில் இருந்ததால் அவருடைய ஆய்வுக்கூடத்துக்குப் போய்வர முடிந்தது.

மின்காந்த அலைகளை உண்டாக்கிக் காட்டிய ஜெர்மானிய விஞ்ஞானி ஹெர்ட்ஸ் 1894 ஜனவரி 1 அன்று இறந்துபோனார். அவரைப் பற்றி வந்த கட்டுரையை அந்த வருஷம் மார்க்கோனி படித்தார். வயசு 20. இந்த அலையை வைத்துக் கம்பி இல்லாமலே தந்தி அனுப்பலாமே என்று அவருக்குத் தோன்றியது. பொன்டெக்கியோ கிராமத்தில் இருந்த அவர்கள் வீட்டு மாடி அறையே ஆய்வுக்கூடம் ஆனது. ஒரு ராத்திரி தூங்கிக்கொண்டிருந்த அம்மாவை எழுப்பி மாடிக்குக் கூட்டிப்போய், இந்தப் பக்கம் ஒரு சாவியை அழுத்தி, அறையின் அந்தப் பக்கம் மணி அடிக்க வைத்துக் காட்டினாராம்.

அலையை வாங்க அவர் வைத்திருந்தது ஒரு சின்னக் கண்ணாடிக் குழாய். உள்ளே உலோகத்தூள். அலை வந்து பட்டதும் தூள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு மின்சாரத்தை விடும். அடுத்த அலைக்குத் தயாராக ஒரு குட்டிச் சுத்தியல் குழாயைத் தட்டித் தூளை உதிர்க்கும். இந்தக் குழாயை அவர் கண்டுபிடிக்கவில்லை, பிரான்ஸில் பிரான்லியும் இங்கிலாந்தில் லாட்ஜும் ஏற்கெனவே செய்து பார்த்ததுதான். மார்க்கோனி அதைத் திருத்தி நன்றாக வேலை செய்ய வைத்தார். 

அவருடைய சொந்தச் சரக்கு என்று நான் நினைப்பது 1895-ல் தோட்டத்தில் நடந்தது. அதுவரை அலையை உண்டாக்கும் கருவியில் இரண்டு உலோகத் துண்டுகள் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். மார்க்கோனி அதில் ஒன்றை உயரத்தில் தூக்கிக் கட்டினார். இன்னொன்றை மண்ணில் புதைத்தார். வாங்கும் பக்கமும் அதே மாதிரி. அவ்வளவுதான். தோட்டத்துக்குள்ளேயே நின்றுகொண்டிருந்த சிக்னல் கிட்டத்தட்ட 2 கிலோமீட்டர் போனது. நடுவில் ஒரு குன்று வேறு! அண்ணன் அல்போன்ஸோ வாங்கும் கருவியோடு குன்றுக்கு அந்தப் பக்கம் போனார். இங்கிருந்து அவர் கண்ணுக்குத் தெரியமாட்டார். அதனால் சிக்னல் வந்தால் துப்பாக்கியால் ஒரு முறை சுடவேண்டும் என்று ஏற்பாடு. மார்க்கோனி சாவியை அழுத்தினார், குன்றுக்கு அப்பால் வெடிச்சத்தம் கேட்டது.

மண்ணில் புதைத்தது ஏன் இவ்வளவு உதவியது? ஒரு கை தட்டினால் ஓசை வராது இல்லையா, அது மாதிரிதான். மின்சாரம் கம்பியில் மேலே ஏறி இறங்கி ஆடும்போதுதான் அலை கிளம்புகிறது. மேலே ஒரு பங்கு போனால் கீழே அதற்கு ஈடாக ஒரு பங்கு போக இடம் வேண்டும். காவிரியில் பரிசலில் நின்று குதித்துப் பாருங்கள், பரிசல் பின்னால் போய்விடும், நாம் பக்கத்திலேயே விழுவோம். படித்துறையில் நின்று குதித்தால் தூரமாகப் போவோம். மண் என்பது ஏரியலுக்குப் படித்துறை. எலக்ட்ரீஷியன்கள் எர்த் என்று சொல்வது இதைத்தான்.

1896-ல் அம்மாவோடு லண்டன் போனார். துறைமுகத்தில் சுங்க அதிகாரிகள் அந்த விசித்திரமான பெட்டியைச் சோதிக்கிறேன் என்று கருவியை உடைத்தே விட்டார்களாம். திரும்பச் செய்தார். 1896 ஜூன் 2 அன்று காப்புரிமைக்கு விண்ணப்பம். தபால் துறையின் தலைமைப் பொறியாளர் பிரீஸ் கைகொடுத்தார். 1897-ல் பிரிஸ்டல் கால்வாயைத் தாண்டிச் செய்தி போனது, அதே வருஷம் கம்பெனியும் ஆரம்பித்தார். 1899-ல் இங்கிலாந்துக்கும் பிரான்ஸுக்கும் நடுவே செய்தி.

எல்லாம் ஜெயம் என்று நினைக்காதீர்கள். 1899 கடைசியில் தென்னாப்பிரிக்காவில் போயர் போர். பிரிட்டிஷ் ராணுவத்தோடு மார்க்கோனியின் ஆட்களும் கருவிகளை வண்டிகளில் ஏற்றிக்கொண்டு போனார்கள். ஏரியலைத் தூக்கிக் கட்டச் சரியான கம்பமே கிடைக்கவில்லை. மூங்கிலை வைத்துச் சமாளித்தார்கள், காய்ந்த காற்றில் மூங்கில் வெடித்தது. பத்தாததுக்கு வறண்ட மண், எர்த் சரியாகக் கிடைக்காது. அங்கே நிலத்தில் அது தோல்விதான். அதே கருவிகளைக் கடற்படைக் கப்பல்களுக்குக் கொடுத்ததும் நன்றாக வேலை செய்தன. கடல் உப்புத்தண்ணீர் ஆச்சே, அதைவிட நல்ல எர்த் எது?

இப்போது வண்டிக்கு வருவோம். 1901-ல் மார்க்கோனி ஒரு தார்னிகிராஃப்ட் நீராவி வண்டியை எடுத்தார். நீராவி எஞ்சின் என்றால் நமக்குப் பொன்மலையும் ஊட்டி ரயிலும் ஞாபகம் வரும், ஆனா அந்தக் காலத்தில் ரோட்டிலும் நீராவி வண்டிகள் ஓடின. அதன் கூரையில் 20 அடிக்கு மேல் உயரமுள்ள ஒரு உலோக உருளையை நிறுத்தினார். அதுதான் ஏரியல். பார்க்கப் பெரிய புகைபோக்கி மாதிரி இருக்கும். வண்டி போகும்போது மடக்கிப் படுக்க வைக்க அடியில் கீல்.

எர்த்துக்கு என்ன செய்வது? வண்டி ஓடிக்கொண்டே இருக்கும், ஒவ்வொரு இடத்திலும் குழி தோண்ட முடியாது. அவர் ஒரு கம்பிவலையைத் தரையில் விரித்து எர்த்தாக வைத்துக்கொண்டார். வண்டி போகும்போது அந்த வலையைத் தரையில் இழுத்துக்கொண்டே போனால் தொடர்பு அறாது என்று கண்டார். கல்யாண ஊர்வலத்தில் பட்டுப்புடவை முந்தானை தரையில் புரளுகிற மாதிரி கற்பனை பண்ணிக்கொள்ளுங்கள். பல மைல் தூரம் வரை செய்தி போனதாகச் சொல்கிறார்கள்.

இன்றைக்கு யாரும் வலையை இழுத்துக்கொண்டு போவதில்லை. வண்டியின் தகரமே அந்த வேலையைச் செய்கிறது. டயர் ரப்பர், அதனால் தகரம் மண்ணைத் தொடாது. ஆனாலும் அகலமான இரும்புத் தகடு ஏரியலின் அடியில் இருந்தால் அதுவே படித்துறை ஆகிவிடும். அதனால்தான் குச்சிக்கு நல்ல இடம் கேபின் கூரையின் நடு. நாலு பக்கமும் தகரம் சமமாக இருக்கும். ஒரு ஓரத்தில் வைத்தால், எந்தப் பக்கம் தகரம் அதிகமோ அந்தப் பக்கம்தான் அலை அதிகமாகப் போகும். மாமா வண்டியில் பெயின்ட் நடுவில் இருந்ததால் ஏரியல் ஒயரின் எர்த் தகரத்தைச் சேரவே இல்லை, எஞ்சின் இரைச்சல் உள்ளே வந்துவிட்டது. சுரண்டியதும் சேர்ந்தது. அவ்வளவுதான் ரகசியம்!

அமெரிக்காவில் லாரி டிரைவர்கள் தங்களுக்குள் பேச சிபி ரேடியோ என்று ஒன்று வைத்திருக்கிறார்கள். 1973 எண்ணெய்த் தட்டுப்பாட்டில் எந்த பங்கில் டீசல் இருக்கிறது என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ள அது மிகவும் பரவியது. அதன் அலைவரிசை 27 மெகாஹெர்ட்ஸ், அலையின் நீளம் சுமார் 11 மீட்டர். குச்சி அதில் கால் பங்கு இருந்தால் நன்றாக வேலை செய்யும், அதாவது 9 அடி. 9 அடிக் குச்சியோடு மேலப்புதூர் சுரங்கப்பாதையில் நுழைந்தால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். அதனால் குச்சியைக் குட்டையாக்கி, குறைந்த நீளத்துக்கு ஈடாக ஒரு கம்பிச்சுருள் சேர்க்கிறார்கள். மார்க்கோனி கீல் வைத்தார், இவர்கள் சுருள் வைத்தார்கள். நம்ம நாட்டிலும் 2005-ல் வந்த விதிப்படி இந்த அலைவரிசையில் 5 வாட் வரைக்கும், அங்கீகாரம் பெற்ற கருவி என்றால், தனி லைசென்ஸ் வேண்டாம். வேறு அலைவரிசையில் நாமாக ஒலிபரப்பினால் சட்டப்படி குற்றம், விளையாட்டுக்குக்கூடச் செய்யாதீர்கள்.

அதே 1901 டிசம்பர் 12 அன்றுதான் மார்க்கோனி உலகப் புகழ் பெற்றார். இங்கிலாந்தின் போல்டு நிலையத்தில் இருந்த பெரிய ஏரியலைச் செப்டம்பரில் புயல் சாய்த்துவிட்டது. வேறொன்று கட்டினார்கள். அட்லாண்டிக்கின் அக்கரையில் நியூஃபவுண்ட்லாந்தில், கடும் காற்றில் பட்டம் விட்டு, அந்தப் பட்டத்தின் மூலம் ஏரியல் கம்பியைத் தூக்கினார் மார்க்கோனி. மோர்ஸில் எஸ் எழுத்துக்கு உரிய மூன்று புள்ளிகள் காதில் கேட்டன என்றார். தூரம் சுமார் 3,400 கிலோமீட்டர். கேட்டது அவரும் உதவியாளர் கெம்ப்பும் மட்டும்தான், காகிதத்தில் பதிவு இல்லை. அது வெறும் வானத்து இரைச்சலாக இருக்கலாம் என்று சந்தேகப்படுகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அவரே இரண்டு மாதம் கழித்துக் கப்பலில் போய்க் காகித நாடாவில் பதிவு செய்தார். பகலில் 1,100 கிலோமீட்டரோடு நின்றுபோன சிக்னல், இரவில் அதைவிட மிக அதிக தூரம் வந்தது. ராத்திரியில் மட்டும் தூரத்து ஊர் வானொலியெல்லாம் கேட்குமே, அதே சங்கதி.

இங்கே நம்ம ஜகதீஷ் சந்திர போஸைச் சொல்லாவிட்டால் எனக்கு மனசு கேட்காது. 1895-லேயே கல்கத்தா டவுன் ஹாலில் கண்ணுக்குத் தெரியாத அலையால் மணி அடிக்கவும் வெடிமருந்தை வெடிக்கவும் செய்து காட்டினார் அவர். பாதரசத்தை வைத்து அலையை அறியும் முறையையும் வெளியிட்டிருந்தார். அன்று நியூஃபவுண்ட்லாந்தில் மார்க்கோனி வைத்திருந்த பாதரசக் கருவி அதன் வழியில் வந்தது என்று ஆராய்ந்து எழுதியிருக்கிறார்கள். 1909 நோபல் பரிசு மார்க்கோனிக்கும் ஜெர்மனியின் பிரவுனுக்கும் கிடைத்தது. போஸுக்கு இல்லை. மார்க்கோனியைத் திருடன் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் ரேடியோவைக் கண்டுபிடித்தவர் யார் என்ற ஒரு மார்க் கேள்விக்கு ஒரே பெயரை எழுதுவது சரியில்லை என்பது என் கருத்து.

1912 ஏப்ரலில் டைட்டானிக் மூழ்கியபோது உதவி கேட்டுச் சாவியைத் தட்டிக்கொண்டே இருந்தவர்கள் மார்க்கோனி கம்பெனியின் இரண்டு இளைஞர்கள், பிலிப்ஸும் பிரைடும். பிலிப்ஸ் இறந்துவிட்டார். கார்பேத்தியா கப்பல் வந்து 700 பேருக்கு மேல் காப்பாற்றியது. அதே வருஷம் செப்டம்பரில் இத்தாலியில் மார்க்கோனி ஓட்டிப்போன கார் இன்னொரு காரோடு மோதியது. வலது கண் போய்விட்டது. அதற்குப் பிறகு எலெட்ரா என்ற கப்பலையே ஆய்வுக்கூடமாக்கி, சிற்றலைகளில் வேலை செய்தார். அந்த வேலையின் பலனாக 1927-ல் இங்கிலாந்துக்கும் இந்தியாவுக்கும் சிற்றலைத் தந்தி வந்தது.

ஒன்றை மறைக்கக் கூடாது. 1923-ல் அவர் முசோலினியின் ஃபாசிஸ்ட் கட்சியில் சேர்ந்தார், பெரிய பதவியும் வகித்தார். நூலகப் புத்தகங்களில் இதை ஒரு வரியில் தாண்டிவிடுகிறார்கள்.

1937 ஜூலை 20 அன்று ரோமில் இறந்தார். மறுநாள் பல நாடுகளின் வானொலி நிலையங்கள் இரண்டு நிமிடம் ஒலிபரப்பை நிறுத்தின. திருச்சி வானொலி அப்போது இல்லை. அது 1939 மே 16 அன்றுதான் தொடங்கியது.

மாமா போன வருஷம் வண்டியை மாற்றிவிட்டார். புது வண்டியை டெலிவரி எடுத்த அன்றே ஏரியல் அடியைக் கழற்றிப் பார்த்தார். பெயின்ட் இருந்தது. உப்புத்தாளை எடுத்துக் கையில் கொடுத்தார், இந்த முறை தேய்த்தது நான்தான்.

இப்படிக்கு,
பதினோராம் வகுப்பு அறிவியல் பிரிவு மாணவன்