ஜி. டி. நாயுடு

கோயம்புத்தூரை அடுத்த கலங்கல் என்னும் சிற்றூரில், 1893ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 23ஆம் நாள் பிறந்தவர் துரைசாமி. தந்தையார் கோபால்சாமி நாயுடு. ஜி. டி. நாயுடு என்னும் பெயரே பின்னாளில் நாடெங்கும் பரவியது. இளமையில் அவர் உள்ளம் பள்ளிப் படிப்பில் தோயவில்லை.

ஒருநாள் ஆங்கில நில வருவாய் அலுவலர் ஒருவர் மோட்டார் சைக்கிளில் செல்வதை அவ்விளைஞர் கண்டார். அஃது இங்கிலாந்தில் 1912ஆம் ஆண்டில் ஆக்கப்பெற்ற ரட்ஜ் வண்டி. மாடும் குதிரையும் இன்றி வண்டி தானே ஓடும் விந்தை அவர் நெஞ்சைக் கவ்விக்கொண்டது. அவ்வண்டியைப் பெறுவதற்கென்றே கோவைக்குச் சென்று, உணவு விடுதி ஒன்றில் பரிமாறும் பணியில் அமர்ந்தார். மூன்றாண்டுகள் உழைத்து முந்நூறு ரூபாய் சேர்த்தார். விரும்பிய வண்டியையும் வாங்கினார்.

பிறராயின் உடனே ஏறி ஊரை வலம் வந்திருப்பர். அவரோ திருகாணிகளைக் கழற்றி, வண்டியை உறுப்பு உறுப்பாகப் பிரித்து வைத்தார். மீண்டும் பொருத்த இயலாது போயின், மூன்றாண்டு உழைப்பும் பழைய இரும்பாகிவிடும். கற்பிக்க ஆசானும் இலர். ஆயினும், எவ்வுறுப்பு எதனோடு இயைகின்றது என ஊன்றி நோக்கி, அனைத்தையும் முன்போலவே கூட்டி முடித்தார்.

இதன் அருமையை உணர வேண்டுமாயின், அக்கால எந்திரத்தின் இயல்பைச் சிறிது அறிதல் வேண்டும். பெட்ரோலும் காற்றும் உரிய அளவில் கலத்தல், அக்கலவை உருளையினுள் கசிவின்றி அழுத்தப்படுதல், உரிய நொடியில் தீப்பொறி தோன்றுதல் ஆகிய மூன்றும் கூடினால்தான் எந்திரம் இயங்கும். கார்புரேட்டரின் நுண்துளையில் தூசி அடைத்துக்கொண்டால் எண்ணெய் வாராது. வண்டி இருமி இருமி நின்றுவிடும். பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் நோயின் குறி பெரும்பாலும் அதன் முனையிலேயே தெரியும். உலர்ந்த கரி படிந்திருப்பின் பெட்ரோல் மிகுதியாகச் செல்கின்றது; எண்ணெய்ப் பிசுக்குடன் கறுத்திருப்பின் பிஸ்டன் வளையங்கள் தேய்ந்திருத்தல் கூடும்; வெளிர் பழுப்பு நிறமாயின் குறையில்லை. மருத்துவர் நாவினைக் காண்பது போன்றதே இதுவும். இவ்வறிவு நூலால் மட்டும் வருவதன்று. கழற்றிய கைக்கே கைவருவது. அவரைக் கல்லாதவர் என்று கூறுதல் பொருந்தாது.

பின்னர் அவர் மெக்கானிக்கு ஆனார். பருத்தி வாணிகத்தில் இறங்கிப் பொருள் ஈட்டினார், ஈட்டியதை இழந்தார். 1920ஆம் ஆண்டில், ராபர்ட் ஸ்டேன்ஸ் என்னும் ஆங்கிலேயரின் உதவியால் பேருந்து ஒன்றை வாங்கி, பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே தாமே ஓட்டினார். அந்நாளில் வழியில் வண்டி நின்றால், ஓட்டுநரே அதனைப் பழுது பார்க்க வேண்டும். அத்திறம் அவரிடம் முன்னரே இருந்தது. அவ்வொரு வண்டி, யுனிவர்சல் மோட்டார் சர்வீஸ் என்னும் பெரு நிறுவனமாக வளர்ந்தது. குறித்த நேரத்தில் ஓடும் பேருந்துகள் எனப் புகழும் பெற்றது.

1937இல் பீளமேட்டில், பாலசுந்தரம் நாயுடுவுடன் சேர்ந்து மின்மோட்டார் ஆக்கினார். மின்சாரச் சவரக்கத்தி முதலிய பிறவும் அவர் படைத்தவை.

1945இல் கோவையில் தொழிற்கல்லூரி தோன்றியபோது இடமும் பொறிகளும் வழங்கி, அதன் தலைவராகவும் பணியாற்றினார். பொறியியலுக்கு நான்காண்டுப் படிப்பு மிகை, ஈராண்டே போதும் என்பது அவர் கொள்கை. அதனை முற்றும் ஏற்பார் சிலரே ஆவர். அரசு உடன்படாமையால் அவர் பதவியைத் துறந்தார்.

1974ஆம் ஆண்டு சனவரி 4ஆம் நாள் அவர் மறைந்தார். கோவை அவிநாசி சாலையில் அவர் பெயரால் அமைந்த காட்சியகத்தை ஒட்டி, 2015இல் பழைய கார்களுக்கென ஒரு காட்சிச்சாலையும் திறக்கப்பட்டது.