ரப்பரைக் கையில் வைத்திருந்த ஓவியர்

முதல் வருஷம் நாம போட்ட முதல் டிராயிங் ஷீட்டை இப்ப யாராவது எடுத்து விரிச்சா நமக்கே வெட்கமா இருக்கும். உலகம் பூரா பேர் வாங்கின ஒரு படக்கதை ஓவியருக்கும் தன் முதல் புத்தகத்தைப் பார்த்து அதே வெட்கம் இருந்தது. அவர்தான் டின்டினைப் படைத்த எர்ஜே.

பெல்ஜியம் நாட்டுத் தலைநகர் பிரஸ்ஸல்ஸை ஒட்டிய எட்டர்பீக்கில் 1907 மே 22 அன்று பிறந்தார். இயற்பெயர் ஜார்ஜ் ரெமி. முதலெழுத்துகளைத் திருப்பிப் போட்டு பிரெஞ்சில் உச்சரித்தால் எர்ஜே! முறையான ஓவியப் படிப்பு கிடையாது. ஓவியப் பள்ளிக்கு ஒரே ஒரு வகுப்பு போனார், பிடிக்கலை, நின்னுட்டார். 1925-ல் ஒரு பத்திரிகையின் சந்தாப் பிரிவில் வேலைக்குச் சேர்ந்தார்.

அந்தப் பத்திரிகையின் சிறுவர் இணைப்பில் 1929 ஜனவரி 10 அன்று டின்டின் பிறந்தான். எர்ஜேக்கு வயசு 21. முதல் கதை சோவியத் ரஷ்யாவில் நடந்தது. அவரோ ரஷ்யாவைப் பார்த்ததே இல்லை. சோவியத்தை எதிர்த்து ஒருவர் எழுதிய ஒரே புத்தகத்தை நம்பி வரைஞ்சார். அடுத்த கதை பெல்ஜியத்தின் காலனியான காங்கோ. அங்கேயும் போனதில்லை. ஆப்பிரிக்க மக்களை விவரம் தெரியாதவர்களாகக் கேலியாக வரைந்தார். ஆனால் ஊரே கொண்டாடியது. டின்டின் வேஷம் போட்ட பையன் ரயிலில் வந்து இறங்க, பிரஸ்ஸல்ஸ் ஸ்டேஷனில் பெருங்கூட்டம்! கைதட்டல் இருக்கும்போது யார் தப்பைச் சொல்லுவாங்க?

ஒருத்தர் சொன்னார். அடுத்து சீனாவைப் பற்றி வரையப் போகிறார் என்று கேள்விப்பட்ட ஒரு பாதிரியார், தெரியாமல் எழுதி சீன மாணவர்களின் மனசைப் புண்படுத்த வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். அதன் பலனாக 1934-ல் சாங் சுங்-ஜென் என்ற சிற்பக்கலை மாணவர் அறிமுகமானார். இருவரும் 1907-ல் பிறந்தவர்கள். எர்ஜே புகழ் பெற்றவர், சாங் சாதாரண மாணவர். இருந்தும் எர்ஜே உட்கார்ந்து கத்துக்கிட்டார். 'நீலத் தாமரை' கதையில் கடைப் பலகைகளில் இருப்பது நிஜமான சீன எழுத்து. 1931-ல் ஜப்பானியர் ரயில் பாதையைத் தகர்த்துவிட்டுச் சீனர் மேல் பழி போட்ட சம்பவமும் அதில் உண்டு. அதுமுதல் விவரம் சேகரிக்காமல் அவர் பென்சிலைத் தொடுவதில்லை.

அதற்காக அவர் பிறகு தப்பே செய்யலைன்னு சொல்ல முடியாது. 1940 முதல் 1944 வரை, ஜெர்மனி பெல்ஜியத்தைப் பிடித்திருந்த காலத்தில், ஜெர்மானியர் பிடியில் இருந்த பத்திரிகையில் வரைந்தார். யூதர் ஒருவரைக் கெட்ட பணக்காரராகச் சித்திரித்தார். விடுதலைக்குப் பின் கைதானார். சில காலம் அவர் எந்தப் பத்திரிகையிலும் வரைய முடியலை.

பழைய கதைகளைத் திருத்தி வரையவும் தொடங்கினார். காங்கோ சிறுவர்களுக்கு டின்டின் பெல்ஜியத்தைத் தாய்நாடு என்று பாடம் நடத்தும் கட்டம் 1946-ல் கணக்குப் பாடமாக மாறியது. 'கறுப்புத் தீவு' கதையில் 131 பிழைகள் என்று இங்கிலாந்துப் பதிப்பகம் பட்டியல் அனுப்பியது. அவர் கோபப்படலை. உதவியாளரை நேரில் அனுப்பிப் பார்க்கச் சொல்லி, 1966-ல் புத்தகம் முழுவதையும் புதிதாகக் கொண்டுவந்தார். ரஷ்யக் கதையை மட்டும் நீண்ட காலம் மறுபதிப்புச் செய்ய விடலை.

ஆனால் காங்கோ மக்களின் கேலி உருவங்கள் அப்படியே நின்றன. 2007-ல் காங்கோவைச் சேர்ந்த மாணவர் ஒருவர் பிரஸ்ஸல்ஸில் வழக்கே போட்டார். 2012-ல் வழக்கு தள்ளுபடியானது. மனசில் பட்ட காயத்தை எந்தத் தீர்ப்பு தள்ளுபடி செய்யும்?

சாங் 1935-ல் சீனா திரும்பியதோடு தொடர்பு அறுந்தது. தொலைந்த நண்பன் சாங்கை டின்டின் பனிமலையில் தேடும் கதையை எர்ஜே வரைந்தார். 1960-ல் அது புத்தகமாக வந்தது. 1981-ல் நிஜ சாங் பிரஸ்ஸல்ஸ் வந்து இறங்கியபோது இருவருக்கும் வயசு எழுபதைத் தாண்டியிருந்தது. 1983 மார்ச் 3 அன்று எர்ஜே காலமானார்.

ஷீட்டில் அழுத்திப் போட்ட கோட்டை எவ்வளவு அழிச்சாலும் தடம் தெரியும். எர்ஜே வாழ்க்கையும் அப்படித்தான். ஆகவே நண்பர்களே, பக்கத்து டேபிள் நண்பன் நம்ம கோட்டைப் பார்த்துத் தப்புன்னு சொன்னா முறைக்க வேண்டாம். அவன் நமக்குக் கிடைச்ச சாங்!