இணைப்புக்கு வழி கண்ட ஸ்ட்ரோஜர்

தொலைபேசியைக் கண்டுபிடித்தவர் யார் என்று கேட்டால் பள்ளிச் சிறுவனும் கிரகாம் பெல் என்பான். நாம் சுழற்றும் எண் வேண்டியவர் வீட்டு மணியை மட்டும் அடிக்கும்படி செய்தவர் யார் என்றால் நம் கல்லூரியிலேயே பலர் விழிப்போம். சென்ற ஆண்டு வரை நானும் விழித்தவன்தான்.

அவர் ஆல்மன் பிரௌன் ஸ்ட்ரோஜர். 1839-இல் அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் பிறந்தவர். உள்நாட்டுப் போரில் படைவீரர், பிறகு ஆசிரியர், அதன்பின் கான்சாஸ் நகரில் ஈமச்சடங்கு ஏற்பாடு செய்யும் தொழில். பொறியியல் கற்றவரல்லர். அக்காலத்தில் தொலைபேசி நிலையத்துப் பெண்ணிடம் சொன்னால்தான் அவர் கம்பியைச் செருகி இணைப்பார். தம்மைத் தேடிவரும் அழைப்புகள் போட்டிக்காரருக்குப் போகின்றன என்று ஸ்ட்ரோஜர் ஐயுற்றார். இணைப்பவர் அப்போட்டிக்காரரின் மனைவி என்று ஒரு கதை உண்டு, உண்மையோ என்னவோ! துக்க வீட்டார் ஒருமுறைதான் அழைப்பார்கள். தவறினால் பிழைப்பே போயிற்று.

இடையில் ஆளே வேண்டாம் என்று துணிந்தார். 1891-இல் காப்புரிமை கிடைத்தது. அவர் வழியில் செம்மைப்பட்ட கருவியில் ஒரு தண்டு பத்துப் படி ஏறும். ஏறிய படியில் பத்து இடம் சுழலும். 57 என்றால் ஐந்து துடிப்பில் ஏற்றம், ஏழு துடிப்பில் சுழற்சி. 1892 நவம்பர் 3-இல் இந்தியானா மாநிலத்து லாபோர்ட்டில் முதல் தானியங்கி இணைப்பகம் திறக்கப்பட்டது. 1896-இல் காப்புரிமைகளை 1,800 டாலருக்கு விற்றுவிட்டார்; 1902-இல் புளோரிடாவில் மறைந்தார். நம் நாட்டிலும் பெங்களூர் ஐ.டி.ஐ. தொழிற்சாலை ஸ்ட்ரோஜர் இணைப்பகங்களைப் பல்லாண்டு தயாரித்தது.

இவரை நான் தேடிப் படித்த காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். மாலை வேளைகளில் கணபதியில் ஒரு பம்புப் பட்டறையில் கணக்கு எழுதுகிறேன். அங்கே வாய்ஸ் கேட்வே என்றொரு சிறு பெட்டி. எந்த அழைப்பு எந்த மேசைக்கு, எந்த எண்ணுக்கு அனுமதி இல்லை என்று அதில் விதி எழுதி வைக்கலாம். தொல்லை தந்த ஒரு விளம்பர எண்ணை அடைக்கச் சொன்னார் முதலாளி. நானோ சோம்பலில் 0425 என்று முதல் நான்கு இலக்கங்களோடு நிறுத்திவிட்டேன். பொள்ளாச்சி 04259, உடுமலை 04252, மேட்டுப்பாளையம் 04254. அத்தனை ஊர்த் தொலைபேசிகளும் அடைபட்டன. இடையில் நின்ற ஆள் இப்போது நான்!

நான்காம் நாள் பொள்ளாச்சிப் பக்கத்து விவசாயி ஒருவர் பழுதான மோட்டாரை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து சேர்ந்தார். மூன்று நாள் அழைத்தும் பயனில்லையாம், தென்னங்கன்றுகள் வாடிவிட்டனவாம். பிழை என்னுடையது என்று அவரிடம் சொன்னேன். அந்த விதியை அழித்து, முழு எண்ணாக எழுதிய பிறகே அவருக்குக் காப்பி வாங்கப் போனேன்.