எஃகுக் குழாயை ஆசனமாக்கிய மார்ஸெல் ப்ராயர்

நாற்காலியைப் பற்றிச் சிந்திப்பார் உலகில் மிகச் சிலரே. அமர்ந்தவுடன் அதனை மறந்துவிடுதல் மாந்தர் இயல்பு. அங்ஙனம் மறக்கப்படும் பொருளொன்றினிடத்தே தம் இளமையின் அறிவெல்லாம் செலுத்தி, அதன் உருவத்தையே மாற்றியமைத்தவர் மார்ஸெல் ப்ராயர் என்பவர். அவர்தம் வரலாறு மாணவராகிய நம்மனோர் அறியத்தக்கது.

இவர் 1902-ஆம் ஆண்டு மே மாதம் 21-ஆம் நாள் ஹங்கேரி நாட்டுப் பெச் நகரில் யூதக் குடும்பமொன்றிற் பிறந்தார். கலை பயிலும் வேட்கையால் பதினெட்டாம் வயதில் வியன்னா நகரத்துக் கலைக்கழகத்தை அடைந்தார். ஆங்குக் கற்பித்த முறை இவர் உள்ளத்திற்கு இசைந்திலது. அக்காலை, வால்ட்டர் கிரோப்பியஸ் என்னும் கட்டடக் கலைஞர் ஜெர்மனியில் வைமார் நகரில் 1919-இல் நிறுவிய பௌஹௌஸ் என்னும் கலைப்பள்ளியின் செய்தி இவர் செவிக்கு எட்டியது. கலைஞனுக்கும் தொழிலாளிக்கும் இடையே சுவர் இருத்தலாகாது என்பது அப்பள்ளியின் கொள்கை. 1920-இல் அங்குச் சேர்ந்து தச்சுப் பட்டறையிற் பயின்று தேர்ந்தார். பள்ளி டெஸ்ஸௌ நகருக்குப் பெயர்ந்த 1925-ஆம் ஆண்டில் அப்பட்டறைக்கே தலைவரானார். அப்பொழுது இவருக்கு வயது இருபத்துமூன்று.

அவ்வாண்டில் இவர் சைக்கிள் ஓட்டப் பழகினார். அதன் கைப்பிடி எஃகுக் குழாயை வளைத்துச் செய்யப்பட்டிருந்தது. நாள்தோறும் அதனைப் பற்றிச் செல்லும் பலரும் காணாத ஒன்றை இவர் கண்டார். இத்துணை மெல்லிய குழாய் மனிதனைச் சுமக்குமாயின், அதனையே வளைத்து ஆசனம் ஆக்கலாகாதோ என்று எண்ணினார். குழாய் வேலைக்காரர் ஒருவர் துணைகொண்டு குழாய்களைப் பற்றவைத்துத் தம் முதல் நாற்காலியை இயற்றினார். பருத்த மெத்தை நாற்காலி ஒன்று தன் சதையெல்லாம் நீங்கி என்புக்கூடாய் நின்றாற்போல அது விளங்கிற்று. இருக்கையும் முதுகும் கைகளும் வரும் இடங்களில் துணிப்பட்டைகள் இழுத்துக் கட்டப்பட்டிருந்தன. உடன் ஆசிரியராயிருந்த ஓவியர் வஸிலி காண்டின்ஸ்கி அதனைக் கண்டு வியந்தார். அதுபற்றியே, 1960-களில் இத்தாலியில் மீண்டும் செய்யப்பட்டபொழுது, அது வஸிலி நாற்காலி எனப் பெயர் பெற்றது.

1928-ஆம் ஆண்டளவில் இவர் பின்னங்கால் இல்லாத நாற்காலி ஒன்றை அமைத்தார். முன்னே எழும் குழாயே வளைந்து இருக்கையைத் தாங்கும்; அமர்வோரின் பாரத்திற்கேற்ப மெல்ல அசைந்து கொடுக்கும். மரச்சட்டத்திற் பின்னிய பிரம்பு அதற்கு அழகு செய்தது. பிற்காலத்தில் இவர்தம் புதல்வி பிரான்செஸ்காவின் பெயரால் அது செஸ்கா எனப்பட்டது.

இங்குத்தான் இவருக்குப் பெருஞ்சோதனை நேர்ந்தது. பின்னங்கால் இல்லா நாற்காலியை 1927-ஆம் ஆண்டு ஸ்டட்கார்ட் கண்காட்சியில் முன்னரே காட்டியிருந்தார் மார்ட் ஸ்டாம் என்னும் டச்சுக்காரர். அவ்வெண்ணம் தமதே என்பது ப்ராயரின் உறுதி. ஆயினும் உற்பத்தியாளரிடையே எழுந்த வழக்கில், 1932-இல் ஜெர்மானிய உயர் நீதிமன்றம் அவ்வடிவின் உரிமை ஸ்டாமுக்கே உரியது எனத் தீர்ப்பளித்தது. தம் மனத்திற் பிறந்ததெனத் தாம் நம்பிய ஒன்று பிறர் பெயரால் வழங்கக் காண்பதினும் கலைஞனுக்குத் துயரம் வேறுண்டோ? ஆயினும் இவர் முடங்கிக் கிடந்திலர். மறு ஆண்டே பாரிஸில் நடந்த அலுமினிய நாற்காலிப் போட்டியில் முதற்பரிசு பெற்றார்.

நாஜிகள் ஆட்சியேறியபின் ஜெர்மனி இவர்க்கு இடமில்லாததாயிற்று. 1935-இல் இங்கிலாந்து சென்று, ஒட்டுப்பலகையை வளைத்து நாற்காலிகள் செய்தார். 1937-இல் அமெரிக்கா சேர்ந்து ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் கட்டடக்கலை கற்பித்தார். குழாயை வளைத்த கை, பின்னர்ச் சிமெந்துக் கலவையை மடித்துப் பெருங்கட்டடங்கள் எழுப்பிற்று. பாரிஸில் 1958-இல் திறக்கப்பெற்ற யுனெஸ்கோ தலைமையகத்தை மற்றிருவருடன் கூடி அமைத்தார். மின்னஸோட்டாவிலுள்ள பெனடிக்ட் சபைத் துறவியரின் புனித யோவான் மடத்துக்கு இவர் இயற்றிய தேவாலயம் 1961-இல் நிறைவெய்தியது. அதன் முன்றிலில் மணிகளையும் சிலுவையையும் ஏந்தி நிற்கும் நெடிய பலகைவடிவக் கோபுரம் காண்போர் உள்ளத்தை மேலெழுப்பும். 1981-ஆம் ஆண்டு ஜூலை மாதம் முதல் நாள் இவர் நியூயார்க் நகரில் மறைந்தார்.

மாணவ நண்பர்களே! நூலறிவு பெற்றோர் கைத்தொழிலைத் தாழ்வாக மதித்தல் இன்றும் ஒழிந்திலது. பட்டறையிற் கற்றவரே பின்னர் ஆலயமும் எழுப்பினார். உரிமை தம் கையினின்று நழுவிய போதும் உழைப்பை நழுவவிட்டிலர். நாம் கண்டும் காணாது கடந்து செல்லும் எளிய பொருள்களுள் எத்தனை நம் கருத்துக்குக் காத்திருக்கின்றனவோ!