கீழணை கண்ட காட்டன் துரை

கொள்ளிடத்தில் விழுந்து வீணே கடல் புகுந்த நீரைக் கழனிக்கு ஈந்த பெருமகனார் ஸர் ஆர்தர் காட்டன் ஆவர். இவர் 1803-ஆம் ஆண்டு மே மாதம் 15-ஆம் நாள் இங்கிலாந்திற் பிறந்து, 1821-இல் சென்னை இராணுவ இஞ்சினீராக இந்நாடு போந்தனர்.

கல்லணையை நுணுகி ஆராய்ந்த இவர், ஆழ்ந்த மணலின்மீதும் அணை நிலைக்கும் என்னும் உண்மையை நம் முன்னோரிடமே கற்றதாக மனமுவந்து ஒப்பினர். அவ்வறிவு துணையாக, 1836-இல் முக்கொம்பில் மேலணையையும் அணைக்கரையிற் கீழணையையும் அமைக்கத் தொடங்கினர். கீழணை தேக்கிய நீர் வடவாற்றின் வழியே வீராணம் ஏரியை நிரப்பிச் சிதம்பரம் வட்டாரத்து வயல்களை வாழ்வித்தது. அணைமேல் அமைந்த பாலம், கும்பகோணத்தினின்று வடகரை செல்வார்க்கு வழியுமாயிற்று.

ஆயினும், அவ்வணைக்கெனக் கங்கைகொண்ட சோழபுரத்துக் கோயிலின் திருமதிற் கற்கள் பெயர்க்கப்பட்டமை நெஞ்சை வருத்துவதாம். சோழகங்கம் என்னும் பேரேரி அகழ்ந்த இராசேந்திரனது கோயில், ஆற்றுநீரைத் தடுக்கவே தன் மதிலை இழந்தது.

பின்னர் 1847 முதல் 1852 வரை கோதாவரியில் தவளேசுவரத்து அணையைக் கட்டிய காட்டன் துரை, 1899-இல் இறைவனடி சேர்ந்தனர். அணைக்கரைப் பாலத்தைக் கடக்கும் மாணவர், கட்டியவரையும் நினைக்க. கல்லீந்த கோயிலையும் மறவாதிருக்க.