கல்லூரி வாயிலைத் திறப்பித்த அம்மையார்

பண்டைத் தமிழகத்தில் குரத்தியர் என்னும் சமணப் பெண் ஆசிரியர் விளங்கியதைக் கழுகுமலைக் கல்வெட்டுகள் கூறும். அத்தகைய நாட்டிலேயே பெண்ணுக்குக் கல்லூரி வாயில் அடைபட்டிருந்த காலமும் வந்தது. அதனைத் திறப்பித்தவருள் ஒருவராகிய டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையாரை இங்கு நினைவுகூர்கின்றோம்.

செட்டிநாட்டு ஆத்தங்குடிக்கு வடக்கே, சித்தன்னவாசலால் நாம் நன்கறிந்த புதுக்கோட்டைச் சீமையில் 1886இல் அம்மையார் பிறந்தார். தந்தையார் நாராயணசாமி, மன்னர் கல்லூரி முதல்வர். அன்னையார் சந்திரம்மாள், தேவதாசி மரபினர். மெட்ரிக் தேறிய மகள் அக்கல்லூரியில் சேர விண்ணப்பித்தபோது, பெண் என்பதாலும் தாய்வழி மரபினாலும் எதிர்ப்பு எழுந்தது. மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் அதனைப் புறந்தள்ளி இடமளித்தார். ஆடவர் நடுவே தனியொரு மாணவியாய்ப் பயின்றார்.

1907இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து 1912இல் பட்டம் பெற்றார். பின்னர்ச் சென்னைச் சட்டமன்றத்தில் துணைத் தலைவராய் அமர்ந்து, தேவதாசி முறை ஒழியப் பாடுபட்டார். ஆதரவற்ற பெண்மக்கள் தங்கிப் பயில அவ்வை இல்லம் கண்டார். 1954இல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனையை நிறுவினார். 1968இல் மறைந்தார்.

நால்வகைத் தானங்களுள் சாஸ்திர தானமும் ஔடத தானமும் அவர் வாழ்வில் ஒருங்கே அமைந்தன. தமக்குத் திறந்த கதவு பிறர்க்கும் திறந்திருக்கச் செய்ததே அவர் பெருமை. நம் இல்லப் பெண்மக்கள் கல்லூரிப் படியேறுங்கால், அத்தனி மாணவியை நினைப்போமாக.