கையடக்க ட்யூனர் வராத காலம்: ஜிமி ஹென்ட்ரிக்ஸ் கிட்டாரைச் சுருதி சேர்த்தது எப்படி?

இப்போ கிட்டாரில் கிளிப் ட்யூனரை மாட்டினால் போதும், சுருதி சேர்ந்ததும் பச்சை விளக்கு எரியும். ஜிமி ஹென்ட்ரிக்ஸுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

1942-ல் அமெரிக்காவின் சியாட்டிலில் பிறந்தவர். கொஞ்ச காலம் ராணுவத்தில் பாராசூட் வீரர். 1966-ல் லண்டன் போனார், அப்புறம் எல்லாமே ராக்கெட் வேகம்தான். இடக்கைக்காரர் என்பதால் வலக்கை கிட்டாரையே திருப்பிப் பிடித்து வாசிப்பார்.

சிக்கல் என்னன்னா, சுருதியை வளைக்க கிட்டாரில் ஒரு கைப்பிடி இருக்கும், 'வேமி பார்'. அதை அவர் அழுத்துற வேகத்துக்கு எந்தத் தந்தியும் நிலையா நிற்காது. ஆயிரக்கணக்கானோர் முன்னால், ஆம்ப்ளிஃபயர் இரைச்சலுக்கு நடுவே, காதை மட்டுமே நம்பி ட்யூனிங் கீயைத் திருகுவார். சில சமயம் பாட்டு ஓடிக்கிட்டு இருக்கும்போதே!

ஜப்பானின் கோர்க் நிறுவனம் கையடக்க எலக்ட்ரானிக் ட்யூனரைக் கொண்டுவந்தது 1975-ல். ஹென்ட்ரிக்ஸ் 1970 செப்டம்பர் 18-லேயே லண்டனில் இறந்துவிட்டார். வயசு 27.